கடலுக்கு முதுகு காட்டி மனை பாருங்கள்

(தருமபுரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலே இல்லாத ஊரில் கடற்கரை மனையைப் பற்றி என்ன பேச்சு என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நம்ம மாவட்டத்துக்குக் காவிரி உண்டு, ஒகேனக்கல் உண்டு, தென்பெண்ணை உண்டு, கடல் இல்லை. ஆனால் கடல் இல்லாத ஊர்க்காரரிடம்தான் கடற்கரை மனையைச் சுலபமாக விற்க முடியும். கடற்கரை மண்ணில் பிறந்து வளர்ந்தவர் பல இடங்களை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். அவர் ஏன் வாங்க மாட்டார் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபிறகு, அந்த ஓரம் முழுக்க மனையாகிவிட்டது. ஈசிஆர் என்றாலே ஒரு மதிப்பு. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரில் சம்பாதிக்கிறார்கள். ஓய்வுபெறும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் கையில் மொத்தமாக ஒரு தொகை வருகிறது. இது புரோக்கருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேன் கிளம்பும். வழியில் டிபன், மத்தியானம் மீன் குழம்போடு சாப்பாடு, அன்றைக்கே முன்பணம் கட்டினால் ஒரு தங்கக் காசு. இங்கிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் போய் இறங்கியவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? கிழக்கே பார்ப்பார்கள். நீலமாகக் கடல் தெரியும், காற்று முகத்தில் அடிக்கும். வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் சொல்வது எளிது. வேனை விட்டு இறங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தெற்கே பாருங்கள், மேற்கே பாருங்கள், காலுக்குக் கீழே பாருங்கள். கடலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது. போகாது என்றுதான் சொன்னேன்; வராது என்று சொல்லவில்லை.

தெற்கே ஏன் பார்க்க வேண்டும்? நம்ம ஊரில் மண் நின்ற இடத்தில் நிற்கும். தாத்தா நட்ட எல்லைக்கல்லைப் பக்கத்துக் காட்டுக்காரர் வேண்டுமானால் ராத்திரியில் நகர்த்துவார். மண் தானாக நகராது. சோழமண்டலக் கரையில் மணல் நடக்கும். தெற்கத்திக் காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம்; ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். கரையில் நிற்கிற நமக்கு அது தெரியாது. இன்றைக்குக் காலடியில் இருந்த மணல் அடுத்த வருஷம் வேறு ஊரில் இருக்கும். அதன் இடத்துக்குத் தெற்கேயிருந்து புது மணல் வந்திருக்கும்.

இந்த வரத்து நிற்காதவரை கரை அப்படியே இருப்பதுபோல் தோன்றும். நடுவே கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு தடுப்புச் சுவர் நீட்டினால் கதை மாறுகிறது. சுவரின் தெற்குப் பக்கம் மணல் குவியும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் கரையைக் கடல் தின்னும். சென்னைத் துறைமுக வேலை 1870களில் தொடங்கியது. அதன் தெற்கே சேர்ந்த மணல்தான் இன்று நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரும் மெரினாவின் அகலம். அதே துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைந்து கரைந்து, இன்று கருங்கல் கொட்டித்தான் சாலையையே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே சுவர், தெற்கே உள்ளவருக்கு விளையாட மணல், வடக்கே உள்ளவருக்கு வீடு போயிற்று.

புதுச்சேரியில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். அங்கே துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் கடைசியில் கட்டி முடிந்தன. சில வருஷங்களிலேயே நகரத்தின் கடற்கரை மணல் காணாமல் போனது. மணல் போன இடத்தில் பாறையைக் கொட்டினார்கள். பாறை நகரத்தைக் காத்தது. அரிப்பு வடக்கே நகர்ந்து வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய், தமிழ்நாட்டு எல்லைக்குள் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை எட்டிவிட்டது. அங்கே கரையோரம் போனால் ஒரு காட்சி பார்க்கலாம்: பாதி உடைந்த வீட்டின் அஸ்திவாரம் மணலுக்கு மேலே தொங்கும், கீழே அலை அடிக்கும். அந்த வீட்டுக்குப் பத்திரம் உண்டு, பட்டா உண்டு, வரி ரசீதும் உண்டு. நிலம்தான் இல்லை.

ஆகவே மனைக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். துறைமுகமா, மீன்பிடி இறங்குதளமா, கடலுக்குள் நீளும் கல் வரிசையா? தூண்டில் வளைவு என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். அப்படி ஒன்று தெற்கே சில கிலோமீட்டருக்குள் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மனை எனக்கு வேண்டாம். மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கரையை அளந்தது. நாட்டின் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது, தமிழ்நாட்டில் 42.7 சதவீதம். புரோக்கர் வேனில் ஓட்டும் வீடியோவில் இந்தக் கணக்கு வராது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கடற்கரையில் உள்ள மணலில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டியது. காவிரியும் தென்பெண்ணையும் நம்ம மலைகளைக் கரைத்து எடுத்துப்போனது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் 1950களின் கடைசியில் வந்தன. தண்ணீரையாவது திறந்துவிடுகிறோம், மணலை யார் திறந்துவிடுகிறார்கள்? அணைக்குத் தப்பிய மணலை லாரி அள்ளிக்கொண்டு போயிற்று. இங்கே ஆற்றில் அள்ளிய மணலில் வீடு கட்டிவிட்டு, அங்கே கடற்கரை ஏன் குறுகுகிறது என்று கேட்கிறோம்.

அடுத்தது மேற்கு. கடலோரத்தில் ஆபத்து கடலிலிருந்துதான் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்.

ஃபெஞ்சல் புயலை அரூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறிய புயல் அங்கேயே நகராமல் நின்றது. பிறகு வலுவிழந்து மெல்ல உள்ளே வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. கடலையே பார்க்காத கிராமங்களில் ஏரி உடைந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? வாணியாறு, தென்பெண்ணை வழியாகச் சாத்தனூருக்குப் போயிற்று. சாத்தனூரில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அது விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலூரில் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முகத்துவாரத்தில் கடல் பொங்கியிருந்தால் ஆற்று வெள்ளத்தை உள்ளே வாங்காது. வெள்ளம் பக்கவாட்டில் பரவும். அங்கே ஆற்றங்கரையில், கடலும் தெரியும் ஆறும் தெரியும் என்று ஆசைப்பட்டு மனை வாங்கியவருக்குத் தருமபுரி மழையே வீட்டுக்குள் வந்திருக்கும்.

முகத்துவாரம் இருக்கும் இடத்திலேயே நிற்காது என்பதையும் கவனிக்க வேண்டும். மணல் அடைக்கும், ஆறு வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். அதனால் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தாராளமாகத் தள்ளிப் போங்கள். சுனாமியிலும் இந்தப் பாடம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தண்ணீர் ஆற்று வாய், கால்வாய் வழியாக வெகுதூரம் உள்ளே புகுந்தது. உயரமான மணல்மேடு அப்படியே இருந்த இடங்களில் அதன் வேகம் மட்டுப்பட்டது. மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் அந்தப் பாதை வழியாகவே உள்ளே வந்தது. 'பீச் வியூ' வேண்டும் என்று மணல்மேட்டைத் தட்டிச் சமன்படுத்திய லேஅவுட்டைப் பார்த்தால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்தக் கரையில் மணல்மேடு ஒன்றல்ல. பழைய காலத்தில் கடல் நின்ற இடங்களெல்லாம் கரைக்கு இணையாக வரிசை வரிசையாக மேடாகக் கிடக்கும், நடுவில் பள்ளம். மேட்டில் பனை நிற்கும், பழைய ஊரும் கோயிலும் நிற்கும். பள்ளத்தில் கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், சித்திரையில் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். லேஅவுட் போடுபவருக்குப் பள்ளம்தான் மலிவாகக் கிடைக்கும். செம்மண்ணை இரண்டடி கொட்டிச் சமன்படுத்தி, வண்ணக் கொடி நட்டுவிட்டால் மேடெது பள்ளமெது என்று நமக்குத் தெரியாது. பழைய பனைமரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வயசான பனை பொய் சொல்லாது.

இப்போது காலுக்குக் கீழே. நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

தருமபுரிக்காரருக்குத் தண்ணீர் என்றால் ஆழம். ஐந்நூறு அடியில் கிடைக்கவில்லையா, எழுநூறு போடு. அங்கும் இல்லையா, ஆயிரத்தைத் தாண்டு. பாறையைக் குடைந்து குடைந்து ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல் மஞ்சளாகிப்போன தலைமுறைகள் இங்கே உண்டு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டோம். இந்தப் பழக்கத்தோடு கடற்கரைக்குப் போனால், முதல் வேலையாக ரிக் வண்டியைக் கூப்பிடுவோம். அதுதான் அங்கே செய்யக் கூடாத வேலை.

கடலோர மணலுக்குக் கீழே நடப்பது வேறு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, கடல் தண்ணீர் எடை கூடுதல். பாதாளத்தில் ஆறு ஓடுவதெல்லாம் கிடையாது. பாலின் மேல் ஆடை நிற்பதுபோல் மெல்லியதாக நிற்கும். இதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற டச்சுக்காரரும், பின்னர் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் கணக்காகவே சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. இதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு இறைத்து அந்த மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழே இருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி மேலே ஏறும். ஆழமாகப் போனால் உப்பு, அதிகமாக இறைத்தாலும் உப்பு. குப்பத்தில் பழைய ஆட்கள் ஆழமில்லாத கிணறு வெட்டிக் குடத்தில் மொண்டு குடித்ததற்குக் காரணம் வசதிக் குறைவு அல்ல, அறிவு.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நகரத்துக்காகவும் தொழிற்சாலைக்காகவும் வயலுக்காகவும் இறைத்து இறைத்து, கடல் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மேலே பார்த்தால் நெல் வயல், கீழே கடல். அதனால் நீங்கள் பார்க்கும் மனையின் கிணற்றுத் தண்ணீர் இன்றைக்கு இனிப்பாக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் எத்தனை ரிசார்ட், எத்தனை நீச்சல் குளம், எத்தனை இறால் பண்ணை என்று பாருங்கள். உங்கள் கிணற்றை அவர்களும் சேர்ந்துதான் இறைக்கிறார்கள். தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் ஒரு பாட்டில் பிடித்து வந்து சோதனைக்குக் கொடுங்கள். மழைக்காலத் தண்ணீர் எல்லா ஊரிலும் இனிக்கும்.

பத்திரத்துக்கு வருவோம். வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட கதையும் தெரியும். இந்த ஊரிலேயே அதில் மாட்டியவர்கள் இருப்பீர்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) ஒப்புதல், 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டுக் குடியிருப்புக்கு மேல் என்றால் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டப்படியான ரெரா பதிவு எண், இவற்றை எங்கே வாங்கினாலும் பார்த்தாக வேண்டும். கடலோரத்தில் இவை எல்லாம் சரியாக இருந்தும் வீடு கட்ட முடியாமல் போகலாம். இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. சிஆர்இசட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2011இலும் 2019இலும் புதுப்பித்தார்கள். ஓதம் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இதன் பிடியில் வரும். ஊர்ப்புறமாக இருந்தால் முதல் 200 மீட்டர் கட்டடம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைக்க இடம் கொடுத்தது. அதற்கும் மாநிலத்தின் கடலோர வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், சில நிபந்தனைகளும் உண்டு. புரோக்கர், '200 எல்லாம் போச்சு சார், இப்போ 50 தான்' என்று சொன்னால், எந்தக் கிராமத்துக்கு, எந்த வரைபடத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் டீ வாங்கப் போய்விடுவார்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டம் கடலுக்கு மட்டுமல்ல, ஓதம் ஏறி இறங்கும் கழிக்கும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் சேர்த்துத்தான். ஈசிஆர் மனைகள் பலவற்றுக்கு முன்னால் கடல், பின்னால் பக்கிங்காம் கால்வாய். கடலிலிருந்து 600 மீட்டர் தள்ளி இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர், கால்வாய்க் கணக்கில் மாட்டிக்கொள்வார்.

கொச்சி அருகே மரடில் நடந்தது இதுதான். அங்கே காயலோரத்தில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். உள்ளாட்சி அனுமதி இருந்தது, பதிவு இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, குடியேறி வருஷக்கணக்கில் வரியும் கட்டியிருந்தார்கள். சிஆர்இசட் மீறல் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். வங்கித் தவணை மட்டும் இடியவில்லை.

வேறு வேலிகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் கட்டவே கூடாது, அதற்கு மேல் 200 மீட்டர் தொல்லியல் துறையின் அனுமதியோடுதான். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்திலிருந்து 1.6 கிலோமீட்டருக்குள் குடியிருப்பே கிடையாது, 5 கிலோமீட்டர் வரை பெரிய வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு. மரக்காணம் பக்கம் உப்பளமும் கழுவெளி ஏரியும். ஏரி இப்போது பறவைகள் சரணாலயம். கடலூர்த் தென்பகுதியில் சிப்காட் இரசாயன ஆலைகளின் நிலத்தடி நீர்ப் பிரச்சினை பழையது, இன்னும் தீரவில்லை.

மீனவர் குப்பத்தை ஒட்டிய நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலை உலர்த்துகிற, படகு ஏற்றுகிற, கருவாடு காயப்போடுகிற மணலுக்கு அநேகமாகப் பட்டா இருக்காது. தலைமுறைகளாக ஊர்ப் புழக்கத்தில் இருக்கும், பதிவேட்டில் புறம்போக்கு என்றிருக்கும். யாரோ ஒருவர் அதற்குப் பத்திரம் தயாரித்து விற்பார். அதை வாங்கிக் கம்பி வேலி போட்டால் உங்களுக்கு எதிராக நிற்பது சட்டம் மட்டுமல்ல, ஊர். என்னைக் கேட்டால் ஊர் பக்கம்தான் நியாயம்.

வீடு கட்டுவதாக இருந்தால் செலவுக் கணக்கையும் மாற்றுங்கள். இங்கே சதுர அடிக்கு என்ன ஆகும் என்று கொத்தனார் சொல்வாரோ அது அங்கே செல்லாது. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள காரையை வெடித்துத் தள்ளும். கடலோரச் சூழலுக்கு எம்-30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் என்று ஐஎஸ் 456 சொல்கிறது. நம்ம ஊர் வீட்டுக்கு வழக்கமாகப் போடும் எம்-20ஐயும் மெல்லிய கவர் பிளாக்கையும் வைத்துக் கட்டிய வீடுகளை ஈசிஆரில் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சன்ஷேடு அடியில் கம்பி எலும்புபோல் தெரியும். கலவைக்கும் நீராற்றுதலுக்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் இன்னும் சீக்கிரம் தெரியும். ஏசி வெளிப்பெட்டி, கேட், ஜன்னல் கம்பி எல்லாமே இங்கே உழைக்கும் காலத்தில் பாதிதான் உழைக்கும். வருஷத்தில் பத்து நாள் போய்த் தங்க இவ்வளவு தேவையா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா என்று முன்வரிசையில் ஒரு ஐயா வந்ததிலிருந்தே கேட்க நினைக்கிறார், முகத்தில் தெரிகிறது. வாங்கலாம், ஐயா. நானாக இருந்தால் கரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் மேற்கே, பழைய ஊரை ஒட்டி, பனை நிற்கும் மேட்டில், முகத்துவாரத்துக்கும் கல் சுவருக்கும் எட்டாத இடத்தில் பார்ப்பேன். கடல் தெரியாது. சாயங்காலம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். விலையும் பாதிக்குக் கீழே இருக்கும். அதை வாங்குவதற்கு முன்னால் அந்த ஊரில் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு வாரம் வாடகைக்குத் தங்குவேன். வேன் சித்திரையில்தான் அழைத்துப் போகும். கார்த்திகையில் அழைத்துப் போகும் புரோக்கரை நான் இன்னும் பார்க்கவில்லை. அடை மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பாதை மூழ்குகிறது, மின்சாரம் எத்தனை நாள் போகிறது என்பதை டீக்கடையில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம்.

நேரமாகிவிட்டது, அரூர்ப் பக்கம் கடைசிப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சர்வே எண்ணையும் லேஅவுட் வரைபட நகலையும் கொண்டு மேசைக்கு வாருங்கள். சேர்ந்து பார்க்கலாம்.